பில்சன் பாட்டிலும் பின்கட்டுக் குழாயும்

கண்ணுகளா,

போன வாரம் தேர்த்திருவிழாக் கடையில் ஐஸ் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்த மஞ்சள் கலர்ச்சோடா பாட்டிலைக் கேட்டு இரண்டு பேரும் அழுதீர்கள். "எல்லாரும் குடிக்கறாங்கல்லப்பா" என்று பெரியவன் சொன்னான். நான் உங்கள் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். "யாரு வாய் வெச்சதோ!" என்று கத்தி, அத்தனை பேர் முன்னாலும் காறித் துப்பினேன். ராத்திரி உங்கள் அம்மா, "அதுகளுக்கு என்னங்க தெரியும்? காரணத்தைச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

வாயால் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் தப்பு இருந்தால் உங்கள் வாத்தியாரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டாம், நமக்குள்ளேயே இருக்கட்டும்.

அப்போது பெரியவன் அம்மா வயிற்றில் இருந்தான். நான் கோயமுத்தூர் ரயிலடிப் பக்கம் ஒரு சீமைச்சாமான் கடையில் வேலை பார்த்தேன். வெள்ளைக்காரர்கள் வாங்குகிற சாமான்கள் விற்கும் கடை அது. டின்னில் அடைத்த மீன், பிஸ்கோத்து, ஜாம், சுருட்டு, விஸ்கி, பீர். வால்பாறை எஸ்டேட்காரர்களும் நீலகிரிக்காரர்களும் ஊரில் இருந்த கிளப்பும் அங்கேதான் வாங்குவார்கள். என் வேலை முழுக்கப் பின்கட்டில். பெட்டி வந்தால் ஆணி பிடுங்கித் திறக்க வேண்டும், பாட்டிலைச் சுற்றியிருக்கும் வைக்கோல் உறையை உருவ வேண்டும், காலி பாட்டில்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். முன்கடைக்குள் என் நிழல் விழக்கூடாது.

பின்கட்டில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. சிறுவாணித் தண்ணீர் ஊருக்குள் வந்த புதிது. ஊரே அந்தத் தண்ணீர்ப் பேச்சாகத்தான் இருந்தது. பருப்பு சீக்கிரம் வேகுது, சோப்பு பொங்கிப் பொங்கி நுரைக்குது, குடிச்சா வயிறு கல்லாட்டக் கெடக்கறதில்ல என்று தெருவில் போகிறவர்கள்கூடச் சொல்லிக்கொண்டு போவார்கள். அந்தக் குழாயை நான் தொடக்கூடாது. முதலாளி வந்து திருகிவிடுவார். தண்ணீர் வாய்க்கால் மாதிரி வளைத்த ஒரு தகரத் தாரை வழியாக ஓடி என் தொட்டியில் விழும். அவர் முன்கடையில் வியாபாரமாக இருந்தால் நான் கையெல்லாம் சாம்பலோடு காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாகம் எடுத்தாலும் அப்படியே. அவர் செம்பில் பிடித்து உயரத்திலிருந்து ஊற்ற, நான் குனிந்து கையேந்திக் குடிப்பேன். எதிர்த்த காப்பிக்கடையில் எனக்குத் தேங்காய்ச் சிரட்டை. இது ஒன்றும் உங்களுக்குப் புதிதில்லை. நீங்களும் பார்த்துக்கொண்டுதானே வளர்கிறீர்கள்.

முதலாளிக்கு ஊரில் நல்ல மனிதர் என்று பேர். நெற்றி நிறைய விபூதி. கூலியைப் பிடித்து வைக்கமாட்டார். ஒரு நாளும் என்னை அடித்ததில்லை. அடிக்க வேண்டுமானால் தொட வேண்டுமே.

அந்த வருஷம் பல்லடம் பக்கத்துப் பண்ணாடி ஒருவர் பருத்தி அரைத்துப் பஞ்செடுக்கிற ஜின்னிங் ஃபேக்டரி கட்டிக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்தில்தான் என் அப்பாவும் அம்மாவும் ஏர் பிடித்துக் களை வெட்டி முதுகு வளைந்தார்கள். பைக்காரா கரண்டு அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை. அதனால் செக்கோஸ்லோவாக்கியா தேசத்திலிருந்து பெரிய எஞ்சின் ஒன்றை வரவழைத்தார். அதைப் பூட்டி ஓட்டிக்காட்ட ஒரு வெள்ளைக்காரரும் கூடவே வந்தார். ஜனங்கள் அவரை மிஷின் துரை என்றார்கள்.

மிஷின் துரைக்கு பீர் இல்லாமல் முடியாது. அதுவும் அவர் ஊர் பீர்தான் வேண்டும். முதலாளி பம்பாய்க்கு எழுதி வரவழைத்துக் கொடுத்தார். சனிக்கிழமை தோறும் துரை கடைக்கு வருவார். முன்கடை புழுக்கம் என்று நேராகப் பின்கட்டுக்கு வந்து ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அதனால் எங்களுக்குள் பேச்சு சுலபமாக ஓடியது. அவர் பேசியதை நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

நான் பெட்டி திறப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆணியை வளைக்காமல் பிடுங்கி, பலகையை உடைக்காமல் எடுத்து வைப்பேன். "உன் கை அவசரப்படாத கை. எஞ்சினுக்கு இந்த மாதிரி ஆள்தான் வேண்டும்" என்று ஒரு நாள் சொன்னார்.

அந்த பீர் கதையை அவர்தான் சொன்னார். பாட்டிலில் ஒட்டியிருந்த பேரை விரலால் தடவிக்கொண்டே சொன்னார்.

"எங்கள் ஊர் பில்சன். என் தாத்தாவுக்கும் முந்திய காலத்தில் எங்கள் ஊர் பீர் மகா மட்டம். கலங்கல், புளிப்பு, நாற்றம். ஒரு நாள் ஊர்க்காரர்களுக்கே பொறுக்கவில்லை. பீப்பாய் பீப்பாயாக உருட்டிக்கொண்டுபோய் டவுன்ஹாலுக்கு முன்னால் நடுத்தெருவில் கவிழ்த்துவிட்டார்கள்."

நம் ஊர் டவுன்ஹால் முன்னால் அப்படி ஒரு காரியம் நடப்பதாக நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது.

"காசு நஷ்டமில்லையா, துரை?"

"நஷ்டம்தான். அதைக் குடித்தால் அதைவிட நஷ்டம்."

அப்புறம் ஊர்க்காரர்களே ஒன்று சேர்ந்து புதிதாக ஒரு பீர் ஆலை கட்டினார்களாம். பக்கத்து பவேரியா தேசத்திலிருந்து முன்கோபக்காரக் காய்ச்சுகிறவன் ஒருவனைக் கூட்டிவந்தார்களாம். பார்லியைக் கருக்காமல் பக்குவமாகக் காய வைத்து, வேப்பம்பூவாட்டம் கசக்கிற ஒரு பூவைப் போட்டு, பாறையைக் குடைந்த குளிர்ந்த நிலவறையில் மாசக்கணக்கில் வைத்திருந்து எடுத்தால், பீர் தங்க நிறத்தில் இருந்ததாம். அதுவரை பீர் என்றாலே கறுப்பும் பழுப்பும்தான், குடிக்கிறதும் மண் குவளையில், தகரக் குவளையில். அந்தச் சமயம் பார்த்துக் கண்ணாடி டம்ளர் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததாம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவன் எல்லாம் அந்த நிறத்துக்கே மயங்கிவிட்டானாம். பிறகு ரயில் வந்தது. ரயிலேறி வியன்னா, பாரிஸ் என்று போனது. கப்பலேறி அமெரிக்கா போனது. இப்போது கோயமுத்தூருக்கும் வந்து என் தொட்டி ஓரத்தில் நிற்கிறது.

"அதோடு பிடித்தது சனியன்" என்றார் துரை. "எல்லா தேசத்துக்காரனும் மஞ்சளாக எதையோ காய்ச்சி எங்கள் ஊர்ப் பேரை ஒட்டிக்கொண்டான். கோர்ட்டுக்குப் போனோம். அது ஊர்ப் பேர் இல்லை, இப்போது ஒரு ரகத்தின் பேர் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இதில் 'அசல்' என்று போட்டிருக்கிறது, பார்." சொல்லிவிட்டுத் துப்பினார். என் தொட்டிக்குள் விழாமல் தள்ளித்தான் துப்பினார்.

இன்னொரு சனிக்கிழமை அவரே எழுந்துபோய்க் குழாயைத் திருகித் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தார். வாய்க்குள் உருட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"இது எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரி இருக்கிறது! பஞ்சு மாதிரித் தண்ணீர். இந்தத் தண்ணீர் இருந்ததால்தான் எங்கள் பீர் அப்படி வந்தது. நீயும் குடி."

"வேண்டாம், துரை. முதலாளி திறக்கணும்."

அவர் குழாயைத் திருகிப் பார்த்தார், மூடினார், மறுபடி திருகினார். "கெட்டுப்போகவில்லையே, நன்றாகத்தானே திறக்கிறது" என்றார். அவருக்கு என்ன சொல்லிப் புரிய வைப்பது? எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் இல்லை.

முன்கடைக் கதவோரம் நின்ற முதலாளி தண்ணீர் விஷயத்தை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். துரை போனதும் குழாய்க்கு முன்னால் வந்து நின்று தலையை ஆட்டினார்.

"கேட்டியாடா? அவிய ஊருத் தண்ணியும் நம்மூருத் தண்ணியும் ஒண்ணாம். அப்பறமென்ன? தண்ணி ஒண்ணுன்னா சரக்கும் ஒண்ணுதானே!"

அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது அந்த அசிங்கம்.

காலையில் கிளப்பு பட்லர் ஒரு மூடி போட்ட தகரக் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பின்கட்டுக்கு வருவான். முந்தின நாள் கிளப்பில் வெள்ளைக்காரர்கள் குடித்து டம்ளரிலும் பாட்டிலிலும் மிச்சம் வைத்த பீர் எல்லாம் அதில் இருக்கும். மூடியைத் திறந்தால் மாட்டுக்கு வைக்கிற கழுநீர் வெயிலில் மூன்று நாள் கிடந்தால் ஒரு நாற்றம் வருமே, அந்த நாற்றம். அதற்கு மேலே சுருட்டுச் சாம்பல் வாடை. ஈ மிதக்கும். பல் குத்திய குச்சி மிதக்கும். ஒரு தடவை பாதி கடித்த ஊறுகாய்த் துண்டைப் பார்த்தேன்.

முதலாளி அதை ஓர் உள்ளறையில் வைத்து வெள்ளை மல் துணியில் வடிகட்டுவார். புதுத் துணி, பழையது ஆகாது. சுத்தத்தில் அவர் அவ்வளவு கண்டிப்பு. பிறகு சிறுவாணித் தண்ணீர் கொஞ்சம், நுரைக்குச் சோடா கொஞ்சம், நிறத்துக்குக் கருக்கின சர்க்கரை கொஞ்சம். நான் கழுவிக் கவிழ்த்த பில்சன் பாட்டில்களை எடுத்துப்போய், நான் தொட்ட தீட்டுக்காக மறுபடி ஒரு முறை மஞ்சள் தண்ணீர் விட்டு அலசுவார். பிறகு ஊற்றி, சோடாக் கம்பெனியில் வாங்கிய கைமெஷினால் மூடி அடிப்பார். நான் ஜன்னல் பக்கம் நடந்தால் உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்.

"அக்கட்டால போடா! மூச்சுக்காத்துப் பட்டுப்போச்சுன்னா நாலு பேரு வாயில வெக்கற சாமான், எவண்டா குடிப்பான்?"

மிஷின் துரைக்கும் எஸ்டேட்காரர்களுக்கும் அசல் சரக்கு. புதிதாகக் காசு பார்த்த பஞ்சுப்பேட்டைக்காரர்களுக்கும் தோட்டக்காரர்களுக்கும் இது. அவர்களுக்கு அசல் எது என்று தெரியாது. ஒட்டின பேர்தான் வேண்டும். விருந்து மேஜையில் அந்தப் பாட்டில் நின்றால் போதும்.

அந்த நாற்றம் என் துணியில் ஏறிக்கொண்டது. எத்தனை குளித்தாலும் போகவில்லை. உங்கள் அம்மாவுக்கு மசக்கை. நான் வாசலில் கால் வைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். "ஏனுங்க, பன்னித்தொட்டியில உழுந்தாப்புடி வாரீங்களே" என்பாள். அன்றெல்லாம் அவள் தின்ற சோறு தங்காது. இந்த வேலையை விட்டுத் தொலைத்தால்தான் பிள்ளை உருப்படியாகப் பிறக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் மிஷின் துரை பண்ணாடியிடம் எனக்காகப் பேசினார். எஞ்சினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, சத்தம் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், இவனை எனக்குக் கொடுங்கள், பழக்கிவிட்டுப் போகிறேன் என்று. பண்ணாடி என்னை வரச் சொல்லி வாசல் மண்ணில் நிற்க வைத்துப் பார்த்தார்.

"மிசினைத் தொட்டா மிசினுக்கு ஒண்ணும் ஆவாது. தண்ணிப்பானைப் பக்கம் மட்டும் வந்துபோடாதே. எஞ்சின் ஓட்டற அன்னிக்கு முடிவாச் சொல்றேன், போ."

ஃபேக்டரிக்குப் பின்னால் ஆட்களுக்கு ஓட்டு வீடு வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நம் வளவு வீடுகளில் அப்போது ஓலைக்கூரைதான். நான் வந்து சொன்ன அன்றே உங்கள் அம்மா சட்டி பானையை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கவிழ்த்தாள். அம்மிக்கல்லைக்கூடக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்தாள். "ஓட்டு வீட்டுல புள்ள பொறந்தா மழைக்கு எந்திரிச்சு உக்கார வேண்டியதில்லீல்ல" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை நாளும் நான் அந்தக் கேனைப் பார்த்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் ஓட்டுகிற நாள் வந்தது. காலையில் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். மிஷின் துரை சக்கரத்தைச் சுழற்றிவிட, எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. எண்ணெய்க் குப்பியோடு அவர் பக்கத்தில் நான்தான் நின்றேன். பண்ணாடி அதைப் பார்த்தும் தடுக்கவில்லை. மத்தியானம் பங்களாவில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாருக்கும் விருந்து. முதலாளி பீர்ப் பெட்டிகளோடு வந்திருந்தார். துரைக்கென்று அசல் பாட்டில் ஒன்றைத் தனியாக ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தார். என்னையும் துரை கூட்டிவந்து, தன் நாற்காலிக்குப் பின்னால், தாழ்வாரத்துக்குக் கீழே மண்ணில் நிற்கச் சொன்னார். மற்றவர்கள் பேசுவதை எடுத்துச் சொல்ல நான் வேண்டும் என்றார்.

முதலாளி ஈரச்சாக்கைப் பிரிக்கப் போனபோது பண்ணாடி தடுத்தார்.

"ஏனுங்க, தொரைக்குத் தனி பாட்டல் எதுக்குங்க? எனக்கு ஊத்தற பாட்டல்லயே அவருக்கும் ஊத்துங்க. ஒரே பாட்டல்ல குடிச்சாத்தானுங்க ஒறவு!"

"அதுக்கில்லீங்க அய்யா, இது நெம்பக் குளுகுளுன்னு..."

"ஊத்துங்கன்னா!"

முதலாளி ஊற்றினார். ஈரச்சாக்கைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினார்.

துரை டம்ளரை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். ஒரு வாய் எடுத்தார். முகம் அப்படியே நின்றுவிட்டது. எழுந்து தாழ்வாரத்து ஓரத்துக்குப் போய்க் குரோட்டன்ஸ் செடி அடியில் துப்பினார்.

"இது எங்கள் பீர் இல்லை" என்றார். "யார் செய்தது?"

"என்னமோ நல்லால்லைங்கறாராட்ட இருக்குது?" என்று பண்ணாடி முதலாளியைப் பார்த்தார். முதலாளி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இவந்தானுங்க பாட்டல் கழுவறவன். இவன் ஏதாச்சும் பண்ணியிருப்பானுங்க."

பண்ணாடி கையிலிருந்த டம்ளரைப் பாம்பைப் போடுகிற மாதிரி மேஜையில் போட்டார். அவர் மைத்துனர், மீசை பெரிய மனுசர், ஒரே மூச்சில் டம்ளரைக் காலி செய்திருந்தவர், வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினார். அவர் ஓங்கரித்த சத்தம் தாழ்வாரம் வரை கேட்டது. உங்கள் அம்மாவின் மசக்கைச் சத்தம் மாதிரியே இருந்தது.

"டேய்! பாட்டல்ல வாய் வெச்சியா? நெசத்தைச் சொல்றா!"

"இல்லீங்க எசமாங்க. மூடி அடிக்கற ரூமுக்குள்ளயே என்னைய உடமாட்டாங்க."

முதலாளிக்குத் தான் செய்த காரியம் அப்போதுதான் உறைத்தது. நான் வாய் வைத்தேன் என்ற பேச்சு வெளியே போனால், இந்தச் சீமையில் ஒருத்தனும் இனி அவர் கடைப் படியேறமாட்டான். பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யோ, இல்லீங்க அய்யா, இல்லீங்க! அவன் மூச்சுக்காத்துக்கூடப் படலீங்க, என்ற குழந்தைக மேல சத்தியம். அது கிளப்புல தொரைமாருக குடிச்சு மிச்சம் வெச்சதுங்க. நானே என்ற கையால வடிகட்டித்தானுங்க ஊத்துனேன். குளிச்சுப்போட்டுத்தானுங்க..."

பண்ணாடியின் தோள் குலுங்கியது. சிரித்தார்.

"அட, தொரைமாரு மிச்சமா! அதை மொதல்லயே சொல்லித் தொலையறதுக்கென்னங்க? நான் பதறிப்போனனே! ஏனுங்க மாப்ள, வாங்க, வாங்க. ஒண்ணுமில்லையாமா. தொரைமாரு எச்சத்தானாமா!"

கிணற்றடியிலிருந்து மைத்துனர் மீசையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தெய்வமே, உசுரு வந்துது" என்றார். வந்து உட்கார்ந்து டம்ளரை நீட்டினார். முதலாளி ஊற்றினார். அவர் குடித்தார். சுற்றி இருந்தவர்களும் எடுத்துக் குடித்தார்கள்.

கண்ணுகளா, நான் மலக்குழி அள்ளுகிறதைப் பார்த்திருக்கிறேன். செத்த மாட்டை இழுத்திருக்கிறேன். அன்றைக்கு வந்த குமட்டல் அதற்கெல்லாம் வந்ததில்லை. எவன் எவன் பல்லிலோ பட்டு, சாம்பல் விழுந்து, ஈ செத்த தண்ணீர் அவர்கள் தொண்டையில் இனிப்பாக இறங்கியது. என் வாய் படவில்லை என்பதுதான் அதற்கு ருசி.

துரை திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறார்கள்? ஏன் சிரிக்கிறார்கள்?"

பண்ணாடியும் என்னைப் பார்த்தார். "என்றா கேக்கறாரு? பதனமாச் சொல்லு. எஞ்சின் வேலை ஞாபகமிருக்கட்டும்."

ஓட்டு வீடு என் கண் முன்னால் நின்றது. சாய்த்து வைத்த அம்மிக்கல் நின்றது. பாட்டில் வெயிலில் கெட்டுவிட்டதாம் துரை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் இருந்தது. ஆனால் அந்த மீசைக்காரர் நாக்கைச் சப்புக்கொட்டினார். அந்தச் சத்தத்துக்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"துரை, இது கிளப்பில் மற்றவர்கள் குடித்த மிச்சம். வெள்ளைக்காரர் மிச்சம் என்பதால் பரவாயில்லை என்கிறார்கள். நான் குடித்த மிச்சமோ என்றுதான் பயந்தார்களாம்."

மிஷின் துரையின் காது சிவந்தது. டம்ளரை எடுத்து மண்ணில் கவிழ்த்தார். மேஜையில் இருந்த பாட்டிலையும் எடுத்துக் கவிழ்த்தார். குடுகுடுவென்று கொட்டி நுரைத்து மண்ணில் இறங்கியது. அவர் ஊர்க்காரர்கள் டவுன்ஹால் முன்னால் செய்ததை இவர் பல்லடத்தில் செய்கிறார் என்று எனக்குள் ஒரு நிமிஷம் குதூகலமாக இருந்தது. "எங்கள் பேர்! இந்தச் சாக்கடையில் எங்கள் பேர்!" என்று கத்தினார். இப்படி எத்தனை பாட்டில் விற்றான் என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னை ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. இருந்தாலும் என் குதூகலம் அதோடு வடிந்துவிட்டது. அந்தப் பேருக்குச் சண்டை போடக் கடல் தாண்டி ஓர் ஆள் வந்திருந்தார். என் பேரை அங்கே யாரும் கேட்கக்கூட இல்லை.

துரைமேல் பண்ணாடிக்குக் கோபம் வரவில்லை. வெள்ளைக்காரர் ஆயிற்றே, "கோவக்காரரு" என்று சிரித்துக்கொண்டார். கோபம் என்மேல் வந்தது.

"எஞ்சினுக்கு எண்ணெய் உட வேற ஆளு இருக்குது. போடா."

அங்கேயிருந்து நடந்தே, இருட்டின பிறகு வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. உங்கள் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"வேலை?"

"இல்ல."

நடந்ததைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "குடிச்சானுங்களா? திரும்ப வந்து உக்காந்து குடிச்சானுங்களா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அப்புறம் எழுந்துபோய் அம்மிக்கல்லை உருட்டிப் பழைய இடத்திலேயே போட்டாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அன்றைக்கு ராத்திரி மழை வேறு. ஓலை ஒழுகியது. அவள் சொன்னபடியே இரண்டு பேரும் எழுந்து உட்கார்ந்திருந்தோம்.

அந்த பீர் உலகமெல்லாம் எப்படிப் பரவியது என்று துரை சொன்னார். பல்லடம் பக்கம் எப்படிப் பரவியது என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அந்த விருந்துக்கப்புறம் முதலாளி கடையில் பில்சன் பாட்டிலுக்கு ஆள்மேல் ஆள். கிளப்பில் துரைமாரே வாய் வைத்த சரக்காம், அசலைவிட ஒசத்தியாம். முன்கடையில் வந்து நின்று குரலைத் தாழ்த்தி, "அந்தத் தொரைமாரு குடிச்சது இருக்குதுங்களா?" என்று கேட்பார்களாம். இதை எனக்குச் சொன்னவன் கிளப்பு பட்லர். கேன் போதவில்லை, இரண்டு கேன் கொண்டு போகிறேன் என்று பெருமையாகச் சொன்னான். நான் அவன் நிழல் படாமல் தள்ளி நின்றுகொண்டேன்.

மிஷின் துரை ஊருக்குக் கப்பலேறினார். நான் ரயிலடிக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கப் போனேன். பெரியவன் ஓலைக் குடிசையில்தான் பிறந்தான். நன்றாகத்தான் பிறந்தான்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை உங்கள் அம்மாவுக்கும் சொன்னதில்லை.

விருந்துக்கு மறுநாள் காலையில் என் துண்டையும் ஆணி பிடுங்கியையும் எடுக்கக் கடைக்குப் போனேன். முதலாளி முன்கடையை இன்னும் திறக்கவில்லை. பின்கட்டுக் கதவு எப்போதும் போல வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. விருந்துக்கு முந்தின நாள் நான் கவிழ்த்த பாட்டில்கள் வரிசையாக நின்றன. என் தொட்டி காய்ந்து கிடந்தது. தொண்டையில் அந்த நாற்றம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

குழாய்க்கு முன்னால் போய் நின்றேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு குழாயைத் திருகினேன். துரை சொன்னது சரிதான், கெட்டுப்போகவில்லை, நன்றாகவே திறந்தது. தண்ணீர் தகரத் தாரையில் ஓடாமல் நேராக என் கையில் விழுந்தது. வாய் கொப்பளித்தேன். மறுபடி கொப்பளித்தேன். பிறகு நிமிர்ந்து நின்றபடி வயிறு குளிரக் குடித்தேன். பஞ்சு மாதிரித் தண்ணீர்.

குழாயை இறுக்கி மூடினேன். பித்தளையில் என் விரல்களின் ஈரம் பதிந்திருந்தது. துண்டு கையில்தான் இருந்தது. துடைக்காமல் வந்தேன்.